கலைமானும் காமக்கோட்டமும்: தமிழகத்தில் பெண் தெய்வ ஆற்றல் இடம்பெயர்ந்த வரலாறு

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், பசுபதிகோயிலை ஒட்டியிருக்கிறது புள்ளமங்கை. அங்குள்ள பிரம்மபுரீசுவரர் கோயில் முதலாம் பராந்தகன் (907–955) காலத்துக் கற்றளி. அதன் வடபுறச் சுவரில் அர்த்தமண்டபக் கோட்டத்துக்குள் துர்க்கை நிற்கிறாள். காலடியில் எருமைத் தலை, தலைக்கு மேலே குடை. கீழே இரண்டு வீரர்கள்: ஒருவன் தன் தொடைச் சதையை அறுத்துக் கொடுக்கிறான், இன்னொருவன் தன் கழுத்தையே கொடுக்க வாளை எடுத்துவிட்டான். தேவியின் ஒரு பக்கத்தில் சிங்கம், மறுபக்கத்தில் கலைமான்.

சிங்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. மார்க்கண்டேய புராணத்தில் அடங்கிய தேவி மாகாத்மியத்தில், எருமை அசுரன் மகிடனோடு போருக்குப் புறப்படும் தேவிக்கு இமவான் கொடுத்த ஊர்தி அது. அந்த நூலில் கலைமான் கிடையாது. எருமைத் தலையும் குருதிப் பலியும் சிங்கமும் ஒரே கல்லில் கூடியிருக்க, அவற்றோடு ஒரு மான் ஏன் நிற்கிறது? இக்கட்டுரை அந்த மானின் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் முயற்சி. பழந்தமிழ்ப் போர்த் தெய்வமான கொற்றவை துர்க்கையுள் கரைந்துபோனாள், அதோடு கதை முடிந்தது என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. கல்லும் பாட்டும் காட்டுவது அதைவிட நீண்ட வரலாறு. பெண் தெய்வம் காட்டிலிருந்து குகைக்கும், குகையிலிருந்து கோயில் சுவருக்கும், சுவரிலிருந்து தனக்கென ஒரு கருவறைக்கும் இடம்பெயர்ந்தாள். ஒவ்வொரு இடத்திலும் அவள் ஒன்றைப் பெற்றாள், ஒன்றைக் கைவிட்டாள்.

காட்டுக்கு உரியவள்

தொல்காப்பிய அகத்திணையியல் நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்கிறது: மாயோன், சேயோன், வேந்தன், வருணன். அந்தப் பட்டியலில் பெண் தெய்வம் இல்லை. பாலைக்குத் தெய்வமே இல்லை. பாலையைக் கொற்றவைக்கு உரிமையாக்கியது பிற்கால மரபு. ஆனால் அதே நூலின் புறத்திணையியல், ஆநிரை கவரும் வெட்சித் திணையில் 'கொற்றவை நிலை' என்ற துறையை வைக்கிறது. நிலத்துக்குரிய தெய்வமாக அல்லாமல், போருக்குப் புறப்படும் கணத்துக்குரிய தெய்வமாகத்தான் தமிழ் இலக்கண மரபுக்குள் அவள் நுழைகிறாள். கொற்றம் என்பது வெற்றி, அரசு. கொற்றவை அதன் தாய்.

சங்கப் பாட்டில் அவளுக்குப் பெயர்கள் பல. அகநானூற்றில் கானமர் செல்வி, பெரும்பாணாற்றுப்படையில் துணங்கையஞ் செல்வி, திருமுருகாற்றுப்படையில் பழையோள். இந்தக் கடைசிப் பெயரில் நான் பலமுறை நின்றுபோயிருக்கிறேன். அந்தப் புலவருக்கே அவள் பழையவளாக இருந்திருக்கிறாள். முருகனை அவர் கொற்றவையின் மகன் என்கிறார், மலைமகள் மகன் என்றும் சொல்கிறார். காட்டுத் தாயும் இமயத்து உமையும் ஒருத்தியாகும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

போர்க்களத்துக்கு வெளியே, வீட்டுக்குள்ளும் அவள் இருந்ததற்குக் குறுந்தொகையின் 218ஆம் பாட்டு சான்று. தலைவன் பிரிந்து போயிருக்கிறான். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் பெண்கள் செய்வதையெல்லாம் செய்யமாட்டோம் என்கிறாள் தலைவி. மலைமுழையில் உறையும் சூலிக்கு நேர்த்திக்கடன் இல்லை, கையில் நூல் இல்லை, பறவை நிமித்தமும் இல்லை, விரிச்சி கேட்பதும் இல்லை. அவள் மறுப்பதை வைத்தே மற்றவர்களின் வழக்கத்தை அறிகிறோம்: பெண் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு கையில் நூல் கட்டிக்கொள்வது அன்றைய நடைமுறை. இந்த நூலுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

தெய்வ ஆற்றலுக்கு அக்காலத் தமிழில் வழங்கிய சொல் அணங்கு. அது பெண்ணிடம் குடிகொள்ளும் ஆற்றல் என்று ஜார்ஜ் ஹார்ட் எழுதியபின் அந்தக் கருத்து மேலை ஆய்வுலகில் வேரூன்றியது. வி.எஸ். ராஜம் சங்கச் சொல்லாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அணங்கு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று எனக் காட்டினார். மலை, கடல், முருகன், யானை என எதிலும் அது இருக்கலாம். ராஜத்தின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது. 'ஆற்றல் என்றாலே பெண்' என்ற சாக்தக் கோட்பாட்டைச் சங்க காலத்துக்கு ஏற்றிப் பார்ப்பது காலக் குழப்பம்.

வேட்டுவர் தொகுத்த தெய்வம்

மானின் தடம் தெளிவாகக் கிடைப்பது சிலப்பதிகார வேட்டுவ வரியில். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில் வேட்டுவரான எயினரின் ஊரை ஒட்டிய ஐயை கோட்டத்தில் தங்குகிறார்கள். சாலினி என்னும் எயினப் பெண் தெய்வமேறி ஆடுகிறாள். எயினர் வில்லை மறந்து அடங்கிப்போனார்கள், தேவிக்குரிய பலிக்கடன் கொடுக்கவில்லை என்று இடிக்கிறாள். உடனே அந்தக் குடியின் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். சடையில் சுற்றிக் கட்டுவது பாம்புக் குட்டி. பிறையாக வைப்பது தோட்டத்தை உழப்பிய பன்றியின் கொம்பு. தாலியாகக் கட்டுவது புலிப்பல். இடையில் உடுத்துவது புலித்தோல். கையில் வில் கொடுத்து, கலைமான் மேல் ஏற்றுகிறார்கள்.

இந்த ஒப்பனையைத் தேவி மாகாத்மியத்தில் மகிடன் கதை தொடங்கும் காட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பெரிய உண்மை புலப்படும். அங்கும் தேவி பிறப்பதில்லை, தொகுக்கப்படுகிறாள். மகிடனிடம் தோற்ற தேவர்களின் உடலிலிருந்து சினம் ஒளியாகக் கிளம்பி ஒன்றுசேர்கிறது. சிவனின் ஒளி முகமாகிறது, யமனின் ஒளி கூந்தலாகிறது, திருமாலின் ஒளி கைகளாகிறது. சிவன் சூலம் தருகிறான், திருமால் சக்கரம் தருகிறான், வாயு வில்லும் அம்பறாத்தூணியும் தருகிறான். கி.பி. 5–6ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவான அந்த நூலின் பெரும் சாதனை இது. பல தெய்வங்களிடம் சிதறிக் கிடந்த ஆற்றல் ஒரு பெண்ணாகி, எந்த ஆணுக்கும் மனைவியாக இல்லாமல், தனியே களத்தில் நிற்கிறது.

இரண்டிலும் தேவி பிறர் கொடுத்தவற்றால் ஆனவள். கொடுத்தவர்கள் வேறு. அங்கே கொடுத்தவர்கள் தேவர்கள். இங்கே கொடுத்தவர்கள் பசித்த எயினர், கொடுத்தது அவர்கள் வேட்டையில் கிடைத்த பல்லும் தோலும் கொம்பும். அவள் ஏறி வரும் மானும் அவர்கள் காட்டில் மேய்ந்ததே. இளங்கோவடிகளுக்கு இரண்டு மரபும் தெரியும். வேட்டுவ வரியின் பாடல்களிலேயே எருமைத் தலைமேல் நின்றவள், சங்கும் சக்கரமும் ஏந்தியவள், சிவனின் பாகம் ஆனவள் என்று புராணத் தேவியைக் குமரியின் மேல் ஏற்றிவிடுகிறார். ஆனால் மானை இறக்கவில்லை.

மதுரையில் கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கும்போது வாயிலோன் அரசனிடம் போய்ச் சொல்வதையும் பார்க்க வேண்டும். வந்திருப்பவள் எருமைத் தலைமேல் நின்ற கொற்றவை அல்லள், கன்னியர் எழுவருள் இளையவள் அல்லள், இறைவனை ஆடச்செய்த அணங்கு அல்லள், காட்டை விரும்பிய காளி அல்லள், தாருகன் மார்பைப் பிளந்தவளும் அல்லள். ஐந்து தெய்வங்களையும் தனித்தனியாக வேறுபடுத்தத் தெரிந்த ஒரு காவலாள்! பின்னாளில் 'எல்லாம் ஒரே சக்தி' என்று சொல்லக் கற்றுக்கொண்ட நமக்கு இந்தப் பட்டியல் பெரிய ஆவணம். அன்றைய மதுரைக்காரனுக்கு அவர்கள் ஒருத்தி அல்லர்.

ஒரே குகையில் இரண்டு உருவம்

மாமல்லபுரம் கலங்கரை விளக்கக் குன்றில் உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபத்தை, பெண் தெய்வ வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுகிறேன். வட சுவரில் தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து, எட்டுக் கைகளோடு, நாணைக் காதுவரை இழுத்திருக்கிறாள். எதிரே மனித உடலும் எருமைத் தலையும் கொண்ட மகிடன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்குகிறான். அவன் இன்னும் சாகவில்லை. அவன் உடல் சாய்ந்திருக்கும் கோணமே தோல்வியைச் சொல்லிவிடுகிறது. இந்தியக் கலையில் இந்தப் போரை இவ்வளவு உயிரோடு காட்டிய கல் வேறில்லை என்பது என் துணிபு.

அதே குகையின் நடுக் கருவறைக்குள் திரும்பிப் பார்த்தால் பின்சுவரில் சோமாஸ்கந்தர். சிவனுக்குப் பக்கத்தில் உமை அரசியைப் போல அமர்ந்திருக்கிறாள், நடுவில் குழந்தை. வெளிச்சுவரில் வில்லேந்திய போர்மகள், உள்ளே மைந்தனோடு அரசமாதேவி. பல்லவ அரசுக்கு இருவரும் தேவைப்பட்டார்கள். ஒருத்தி வெற்றிக்கு, மற்றவள் வாரிசுக்கு.

மாமல்லையிலும் மான் தொடர்கிறது. வராக மண்டபத்துத் துர்க்கைக்கு இருபுறமும் சிங்கமும் மானும் உண்டு. திரௌபதி ரதம் என்று நாம் அழைக்கும் குடில் வடிவக் கோயிலுக்கும் பாண்டவர் மனைவிக்கும் தொடர்பில்லை. உள்ளே நிற்பவள் துர்க்கை. அவள் காலடியில் தன் தலையை அரிந்து கொடுக்க முனையும் வீரன். எயினர் செலுத்திய கடன் அரச கலைக்குள் வந்துவிட்டது.

திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண்

பாண்டிய நாட்டிலும் இதே காலத்தில் ஒரு குடைவரை எழுந்தது. திருப்பரங்குன்றத்தில் வடக்குப் பார்த்த அந்தக் குடைவரையின் பின்சுவரில் நடுவிடம் துர்க்கைக்கு. முருகனும் பிள்ளையாரும் அவளுக்கு இருபக்கத்தில். கொற்றவையின் மகன் என்று முருகனைப் பாடிய ஆற்றுப்படையில் முதலில் வரும் ஊரும் இதுவே. கி.பி. 773ஐச் சேர்ந்த இங்குள்ள கல்வெட்டு, பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியான சாத்தன் கணபதி திருப்பணி செய்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் சொல்கிறது.

கோயில் எடுத்தவளின் பெயரைக் கவனியுங்கள். பாலை நிலத்துக் கொற்றி, அதிகார வீட்டுப் பெண்ணின் பெயராகியிருக்கிறாள். அவள் துர்க்கைக்கு மட்டும் கோயில் எடுக்கவில்லை, சேட்டைக்கும் எடுத்தாள்.

சேட்டை என்பவள் வடமொழியின் ஜேஷ்டை, திருமகளுக்கு மூத்தவள். திருக்குறளில் தவ்வை, இன்றைய பேச்சில் மூதேவி. பருத்த வயிறும் தொங்கும் மார்புமாக, காளை முக மகனும் மகளும் இருபுறம் அமர, காக்கைக் கொடியோடு அவளைப் பல்லவரும் பாண்டியரும் முற்காலச் சோழரும் வடித்தார்கள். சேட்டையிடம் செல்வம் கேட்டுக் காத்திருப்பவர்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிந்துகொள்கிறார். கடியும் அளவுக்கு அவளுக்குக் கூட்டம் இருந்தது என்பதே இதன் பொருள். பிற்காலச் சோழர் காலத்துக்குள் அந்த வழிபாடு தேய்ந்தது. பெண் தெய்வ ஆற்றல் இந்திய வரலாற்றில் படிப்படியாக வளர்ந்தது என்று எழுதுபவர்கள் சேட்டையைச் சேர்த்துக்கொள்வதில்லை. உழைத்துத் தளர்ந்த, அழகற்ற, முதிய தாயுடல் தெய்வமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அதை இழந்தோம்.

தனிக் கருவறை

சோழ அரசே ஒரு தேவியின் பெயரில் தொடங்குகிறது. விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். வென்றவன் முதலில் வணங்கியது போர்மகளை. ஆனால் அடுத்த நூறாண்டில் துர்க்கைக்கு விதிக்கப்பட்ட இடம் சிவன் கோயிலின் வடக்குக் கோட்டம். செம்பியன் மாதேவியார் எடுத்த கற்றளிகளில் கோட்டத் தெய்வங்களின் வரிசை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. புள்ளமங்கைத் துர்க்கை இந்த மாற்றத்தின் நடுவே நிற்பவள். குருதிப் பலியும் மானும் கூடவே இருக்கின்றன, ஆனால் அவை சுவருக்குப் போய்விட்டன. கருவறை இலிங்கத்துக்கு.

இன்று சிவன் கோயில் என்றால் அம்பாள் சன்னதி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் 1010இல் முதலாம் இராசராசன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் திட்டத்தில் அம்மனுக்குத் தனிக் கோயில் கிடையாது. இன்று அங்குள்ள பெரியநாயகி கோயில் பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இராசராசனின் கோயிலில் தேவி இருந்தது செப்புத் திருமேனியாக. ஆடவல்லாருக்கும் தஞ்சை விடங்கருக்கும் நம்பிராட்டியாராக உமாபரமேசுவரி திருமேனிகளை எழுந்தருளுவித்தவர் இராசராசனின் அக்கா குந்தவை. அவற்றுக்கு அவர் கொடுத்த நகைகளும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

சிவன் கோயிலுக்குள் அம்மனுக்கெனத் தனியே எழுப்பும் கோயிலுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் திருக்காமக்கோட்டம். அந்த வழக்கம் முதலாம் இராசேந்திரன் காலத்தை ஒட்டியே தொடங்குகிறது என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டு நிறுவியவர் கே.ஆர். சீனிவாசன். 12ஆம் நூற்றாண்டில் அது விதியாகிவிட்டது. இரண்டாம் இராசராசனின் தாராசுரத்தில் ஐராவதேசுவரருக்கு வடக்கே தெய்வநாயகிக்குத் தனிக் கோயிலே உண்டு. பழைய கோயில்களிலும் மண்டபத்தில் தெற்குப் பார்த்த ஒரு சன்னதியைப் பின்னர் சேர்த்தார்கள். தேவாரப் பாடல் பெற்ற எத்தனையோ ஊர்களில் அம்மன் சன்னதியின் கல் மூலவர் சன்னதியின் கல்லைவிட நூற்றாண்டுகள் இளையது. நின்று பார்த்தால் அதிட்டானத்தின் வேலைப்பாட்டிலேயே தெரியும்.

ஏன் இந்த மாற்றம்? ஆகமம் சொன்னது என்பது போதாத விடை. ஆகமமும் தன் காலத்து நடைமுறையைத்தான் எழுதிவைக்கிறது. திருமேனிகளே வழிவகுத்தன என்று நான் எண்ணுகிறேன். குந்தவையைப் போன்றவர்கள் கொடுத்த உமைத் திருமேனிக்கு நகை வந்தது, ஆடை வந்தது, விழாவில் புறப்பாடு வந்தது. இவ்வளவு உடைமைகளும் சடங்குகளும் சேர்ந்தபின் அவளுக்கு ஒரு வீடு வேண்டியதாயிற்று. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் சக்கரங்களாகவும் மந்திரங்களாகவும் வளர்ந்திருந்த சக்திக் கோட்பாடு அந்த வீட்டுக்குப் பொருள் கொடுத்தது. சிவன் அசைவற்றவன், அசைவு அனைத்தும் அவள். தத்துவத்தில் அவள் உயர்ந்தாள். உருவத்தில் இரண்டு கையோ நான்கு கையோ உடையவளாக, பூவேந்தி, ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த மாற்றத்தைக் கதையாகவே சொல்லிவைத்த ஊர் மதுரை. அங்கயற்கண்ணி என்ற பெயர் சம்பந்தர் பதிகத்திலேயே உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகை மூன்று தனங்களோடு பிறந்து, முடிசூடி, எண்டிசையையும் வென்று கயிலைக்குப் போகிறாள். சிவனைக் கண்டதும் ஒரு தனம் மறைகிறது, வில் தாழ்கிறது, மணம் நடக்கிறது. கொற்றவை உமையான வரலாறு ஒரு பெண்ணின் வாழ்க்கையாக அங்கே சுருங்கியிருக்கிறது. ஆனால் மதுரை மக்கள் அவளை மணமகளாக மட்டும் விட்டுவிடவில்லை. சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு முன்பு பட்டாபிஷேகமும் திக்கு விசயமும் நடந்தாக வேண்டும். ஆவணியில் சொக்கநாதர் முடிசூடும்வரை ஊரை ஆள்பவள் அவளே. திருவானைக்காவில் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அகிலாண்டேசுவரியாகவே வந்து சம்புகேசுவரரைப் பூசிக்கிறார். பூசை ஏற்பவளாக மட்டுமல்லாமல் பூசை செய்பவளாகவும் அங்கே அவள் இருக்கிறாள்.

எல்லையில் நின்றவள்

கீழே வைத்த ஆயுதங்களை எடுத்துக்கொண்டவர்கள் ஊர்ப்புறத்தில் இருந்தார்கள். தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது குளம், சுடுகாடு இவற்றோடு பிடாரி கோயிலையும் எண்ணுகின்றன. முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய சயங்கொண்டார், கலிங்கத்துப் பரணியில் காளியின் கோயிலைப் பாலைக்கு நடுவில் வைத்தார். தலையை அரிந்து கொடுக்கும் வீரர்களையும் அங்கே வைத்தார். நகரில் திருக்காமக்கோட்டம் எழுந்துகொண்டிருந்த அதே காலம் இது. தில்லையில் ஆடலில் தோற்றாள் என்று சொல்லிக் காளியை ஊர் எல்லைக்கு அனுப்பியது தலபுராணம். சிலம்பின் வாயிலோன் சொன்னதில் தோல்வி இல்லை. இறைவனை ஆடவைத்தவள் என்றுதான் அவன் சொன்னான்.

அம்பாள் என்ற சொல்லை நம் பேச்சு இன்றும் கோயிலில் இருப்பவளுக்கே ஒதுக்கிவைத்திருக்கிறது, எல்லையில் இருப்பவள் அம்மன்தான். எல்லை அம்மனுக்கு மணமகன் இல்லை. வடக்குப் பார்த்தபடி, வெயிலும் வெப்பு நோயும் அவள் கையில் இருக்க, ஊரைக் காத்தாள். பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. மாரியம்மனுக்குக் கூட்டம் குறையவில்லை. நோயை மட்டும் நம்பி இருந்த தெய்வமல்ல அவள். சமயபுரத்தில் மாசிக் கடைசியிலிருந்து 28 நாள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவு, இளநீர், பானகம் போன்றவையே நைவேத்தியம், சமைத்த சோறு கிடையாது. மக்கள் கடன் செலுத்துவது மட்டுமல்ல, தெய்வமும் மக்களுக்குக் கடன் செலுத்தும் இந்த உறவை எந்த ஆகமமும் விதித்ததாக நான் அறியேன்.

அம்மன் திருவிழா தொடங்கும் நாளில் மஞ்சள் தோய்த்த நூலைக் கையில் கட்டிக்கொள்கிறோம். காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊரைவிட்டுப் போகமாட்டார். குறுந்தொகைத் தலைவி கட்டமாட்டேன் என்ற நூலும் பெண் தெய்வத்தை வேண்டிக் கையில் கட்டும் நூலே. அரசர் மாறினார்கள், உருவம் மாறியது, பெயரும் மாறியது. கட்டும் கைகள் மாறவில்லை.

புள்ளமங்கை மானுக்குக் கிடைக்கும் விடை இதுதான். கல்தச்சன் வடமொழிச் சாத்திரத்தைப் படித்துச் சிங்கத்தை வைத்தான். தன் ஊர்ப் பாட்டைக் கேட்டு மானை வைத்தான். இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோட்டத்துத் துர்க்கையைத் தேடி வந்து விளக்கேற்ற இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேட்டைக்கு மிகச் சிலரே. ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ, இருபக்கம் பிள்ளைகளோடு பருத்த வயிற்றுப் பெண் சிலை ஒன்று கிடந்தால், மூதேவி என்று விலகிப் போகாதீர்கள். புரட்டிப் போடவும் விடாதீர்கள். இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அது நக்கன் கொற்றி கோயில் எடுத்த தெய்வம்.